எண்பத்தெட்டு கிலோ வெல்லம்

தட்டு அசையவில்லை. மூட்டையில் இருந்த வெல்லம் முழுவதும் எதிர்த்தட்டில் ஏறியாகிவிட்டது. கோணியை உதறி, மூலையில் ஒட்டிக்கிடந்த தூளைக்கூடக் கொட்டியாகிவிட்டது. சாரங்கபாணி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தட்டு மட்டும் மண்டபத்துக் கல்தரையை விட்டு எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. செங்கமலம் புருஷனுடைய சட்டையையும் மூக்குக்கண்ணாடியையும் மாத்திரைப் பையையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தூணோரமாக நின்றாள். ஆயிற்று, அவ்வளவுதான் என்று அவளுக்குள் ஒன்று சொல்லிற்று. ஐந்து கிலோ இடிக்கும், இடிக்கத்தான் செய்யும், அந்த ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பெருமாளுக்கும் தெரிந்திருக்கலாம். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இன்றைக்குப் பார்த்து அவர் ஒரு தராசைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார். "எண்பத்தெட்டு. கடையில ரெண்டு தடவ நிறுத்து வாங்கியாந்தேன்" என்று கோமளவல்லி கோயில் ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சாரங்கபாணியின் அக்கா. தம்பியின் இருதயம் சரியாக வேண்டும் என்று எடைக்கு எடை வெல்லம் நேர்ந்துகொண்டவள் அவள்தான். ஆஸ்பத்திரியெல்லாம் முடிந்த பிறகு செலுத்தினால் போதாதா அண்ணி என்று செங்கமலம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். வெயில் என்றாள், கூட்டம் என்றாள், அவருக்கு மூச்சு வாங்கும் என்றாள். கோமளவல்லி ஒன்று நினைத்துவிட்டால் பெருமாளே இறங்கி வந்து வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். நாளைக்குத் திருச்சி ஆஸ்பத்திரி, அதற்கு முன்னால் இன்றைக்குத் துலாபாரம், முடிந்தது பேச்சு. "தம்பியத்தானே கேட்டேன், இப்ப எடை எவ்ளோடான்னு. அவன் வாயாலதான் சொன்னான்." அவர் வாயால்தான் சொன்னார். வீட்டு மிஷினில் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். மிஷினை யார் கேட்பது.

மிஷின் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் நெட்டுக்குத்தாகச் சொருகிக் கிடக்கும். மகன் வேலைக்குப் போன புதிதில் வாங்கிப் போட்டது, மேலே ஏறி நின்றால் கண்ணாடி வட்டத்துக்குள் முள் ஆடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் விளக்கிய கையோடு அவர் அதை இழுத்துப் போட்டு ஏறுவார், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார், மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ. முள் ஆடி அடங்குகிற வரைக்கும் கீழே பார்க்க மாட்டார். "நீ பாரு" என்பார். அவள் குனிந்து பார்ப்பாள். முதல் மாதம் பூராவும் முள் தொண்ணூற்றெட்டை விட்டு நகரவில்லை. மத்தியானம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி எண்ணெய் காட்டாத சப்பாத்தி, காலையில் கஞ்சி என்ற பெயரில் ஒரு தண்ணீர், சாயங்காலம் காவிரிக்கரையோடு நடை. அந்த நடை எங்கே முடிகிறது என்று அவளுக்குத் தெரியும், ஊரில் எல்லா ஆண்களுடைய நடையும் முடிகிற இடத்தில்தான், அங்கே சாயங்காலம் சூடாகப் போண்டா போடுவார்கள். கேட்டதில்லை. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனுஷனிடம் போண்டா தின்றாயா என்று கேட்பது கேவலம் என்று இருந்துவிட்டாள். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இன்றைக்கு இப்படி நிற்க வேண்டாம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூற்றெட்டு என்று அவள் சொன்னதும் அவர் இறங்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், நாக்கால் உதட்டை நனைத்துக்கொண்டார், "இனிமே எதக் கொறைக்கிறது, தண்ணியத்தான் கொறைக்கணும்" என்றார். சொல்லி முடிக்கவில்லை, கழுத்து நரம்பு துள்ள ஆரம்பித்துவிட்டது. அவள் ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். சட்டியில் வறுபடுகிற கடலை மாதிரி, இரண்டு சேர்ந்தாற்போல் வெடிக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது, இருக்கிறாரா போய்விட்டாரா என்று அவர் மூஞ்சியைப் பார்ப்பாள், பிறகு மடமடவென்று நாலைந்து. அது அடங்கச் சாயங்காலம் ஆயிற்று.

அடுத்த வாரம் பீரோவுக்கு அடியில் கூட்டும்போது மிஷின் சரிந்து விழுந்தது. எடுத்து நிமிர்த்தினாள். முன்பக்கம் விளிம்புக்கு அடியில் வரிவரியாக ஒரு சின்னச் சக்கரம், கட்டைவிரலால் தள்ளினால் முள் நகர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது. திட்டம் போட்டுச் செய்தாள் என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிப்போகும். முள் நகர்ந்தது, அவள் பார்த்தாள், நகர்ந்த இடத்திலேயே விட்டுவிட்டாள், மிஷினைச் சுவரோரம் சொருகிவிட்டுப் போய் அரிசி களைந்தாள். மறுநாள் காலை அவர் ஏறினார், நீ பாரு என்றார், அவள் பார்த்தாள், தொண்ணூற்றேழு என்றாள், குரல் நடுங்கியது, சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். கீழே குனிந்து அவரும் பார்த்தார். பார்த்துவிட்டுச் சின்னப் பையன் மாதிரிச் சிரித்தார். அன்றைக்கு முழுக்க, சத்தியமாக, அன்றைக்கு முழுக்க அந்த இருதயம் ஒரு குறை சொல்ல முடியாதபடி அடித்தது. சாப்பிடும்போது பிடித்துப் பார்த்தாள், பேப்பர் படிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு பிடித்துப் பார்த்தாள், ஒழுங்காக, ஒன்று, ஒன்று, ஒன்று. இதை யாரிடம் போய்ச் சொல்வாள். அத்தனை டாக்டர்களும் அத்தனை மாத்திரையும் செய்யாததை ஒரு கட்டைவிரல் செய்தது. அதற்கப்புறம் எப்படித் திருப்பாமல் இருப்பது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், மொத்தத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு கோடு போட்டுக்கொண்டாள், போடவும் போட்டாள், அதைத் தாண்டவும் இல்லை. முள்ளோ பத்து கிலோ இறங்கிவிட்டது. அப்படியென்றால் பாதி அவள் பொய், பாதி அவர் பட்ட பாடு. அந்தப் பாதியை நினைத்துத்தான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள். பொய்யோடு பொய்யாக நிஜமாகவே ஐந்து கிலோ குறைந்திருக்கிறது, நல்லது நடந்துகொண்டுதான் இருக்கிறது, நான் சும்மா ஒரு கை கொடுத்தேன், அவ்வளவுதான்.

"கடைவாசல்ல பாக்கெட் வெல்லம் இருக்கும்மா, ஒரு கிலோ பாக்கெட்டு" என்றார் கோயில் ஆள் துரைக்கண்ணு. சாந்தமான மனிதர், இந்த மாதிரி எத்தனையோ பேர் தங்கள் எடையைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தவர் போலத் தெரிந்தார். "வேட்டி ஈரமா இருக்கு, குளிச்சிட்டு வந்திருக்காருல்ல, அதுலயே ஒரு கிலோ இழுக்கும்." கோமளவல்லி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அதான் பார்த்தேன். ஈர வேட்டி." அவளே போய் வாங்கிக்கொண்டு வரக் கிளம்பினாள், யாரையும் நம்பமாட்டாள். வேட்டி. செங்கமலத்துக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேட்டியால்தான் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது. பேண்ட் போடுகிற மனுஷனாக இருந்தால் இரண்டாவது வாரமே இடுப்பு சொல்லிக் கொடுத்திருக்கும். ரிட்டயர் ஆன அன்றைக்கு பேண்ட்டை மடித்து வைத்தவர், அப்புறம் தொடவில்லை. வேட்டி யாரையும் காட்டிக்கொடுக்காது, எத்தனை பெரிய வயிறானாலும் ஒரே மாதிரிச் சுற்றிக்கொள்ளும். போதாததற்கு ஊர் வேறு. எடை குறைகிறது என்று கோமளவல்லி தெருவெல்லாம் சொல்லிவைத்தாள், சொன்ன மறுநாளிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன சாரங்கன், இப்படி எளச்சிட்டீங்க, சுகரா?" என்று துக்கம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போச்சு என்றான் ஒருத்தன். இந்த ஊரில் ஒருவன் இளைத்தால் சாகப்போகிறான் என்று அர்த்தம், அதனால் பாசமாகப் பார்த்தார்கள். இளைக்காத மனுஷனைப் பார்த்து இளைத்துவிட்டான் என்று ஒரு ஊரே பரிதாபப்பட்டது. அவரும் கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் தடவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது, எவ்வளவு பயமாக இருந்தது.

பயம் மிஷினைப் பற்றி. மின்வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் கணக்கு எடுத்தவர் அவர். மீட்டரில் கை வைத்தவனை வாசற்படி ஏறும்போதே தெரிந்துவிடும் என்பார். முத்திரைக் கம்பி எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது, கண்ணாடிமேல் தூசி எந்த இடத்தில் கலைந்திருக்கிறது, ஃபேன் மூன்று ஓடுகிற வீட்டில் சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறது, அத்தனையும் பார்ப்பார். "எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க" என்று கல்யாணமான புதிதில் கேட்டாள். "மீட்டரப் பார்க்க மாட்டேன், வீட்டுக்காரம்மா மூஞ்சியப் பார்ப்பேன்" என்றார். அப்படிப்பட்டவர், மேலே ஆளில்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்பதைப் பார்க்காமல் விட்டாரே, அந்தச் சக்கரத்தில் தூசி இல்லை என்பதைப் பார்க்காமல் விட்டாரே என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் ஆச்சரியப்பட்டாள். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள், நோவு அவர் கண்ணையும் கெடுத்துவிட்டது என்று ஒரு நாள் சமையலறையில் நின்று அழக்கூட அழுதாள். தன் திருட்டைக் கண்டுபிடிக்கவில்லையே என்று ஒருத்தி அழுவாளா. அவள் அழுதாள்.

கோமளவல்லி ஒரு பை நிறையப் பாக்கெட்டோடு திரும்பி வந்தாள். முதல் பாக்கெட். துரைக்கண்ணு அதைக் குழந்தையை வைப்பது மாதிரி வைத்தார். தட்டு அசையவில்லை. அந்தத் திருச்சி டாக்டர் நன்றாகத்தான் விளக்கினார், ஒரு காகிதத்தில் இருதயம் வரைந்து. மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, மேல் அறை சேர்ந்து சுருங்காமல் நடுநடுங்கிக்கொண்டு இருக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார், அவளுக்கு அது வாயில் நுழையவில்லை, படபடப்பு என்றே வைத்துக்கொண்டாள். "லூஸ் கனெக்‌ஷன்" என்றார் இவர். "அதேதான் சார்" என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். தொடை இடுக்கில் ஒரு குழாயை விட்டு இருதயம் வரை கொண்டுபோய், தப்பான கரண்ட் கிளம்புகிற இடத்தைச் சுட்டுவிடுவார்களாம், அப்லேஷன். சுட்டால் நின்றுவிடும், ஆனால் உடம்பு கனமாக இருந்தால் பல பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது. முதலில் எடையைக் குறைத்துவிட்டுச் சுட்டால் திரும்பாமல் இருக்குமா என்றுதான் ஆராய்ச்சி செய்கிறோம் என்றார். சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடனே, பாதிப் பேருக்கு ஆறு மாதம் எடையைக் குறைத்த பிறகு, யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் பொறுக்கும். கம்ப்யூட்டர் இவரை இரண்டாவது கோஷ்டியில் போட்டது. கம்ப்யூட்டரைக் கையெடுத்துக் கும்பிடலாமா, அடிக்கலாமா. பத்தில் ஒரு பங்கு எடை குறைய வேண்டும், குறையாவிட்டால் சுடுவதைத் தள்ளிப்போட்டு வேற வழி பார்ப்போம் என்றார், பயப்பட வேண்டாம், கைவிட மாட்டோம் என்றும் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அப்புறம் எப்படிப் பயப்படாமல் இருப்பது. வேற வழி என்றால் வழி இல்லை என்றுதானே அர்த்தம். இரண்டாவது பாக்கெட். அசையவில்லை.

திங்கள்கிழமை தோறும் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஜெசிந்தா சிஸ்டர் போன் பண்ணுவாள். "ஐயா, நேத்து எடை எவ்வளவு?" அவர் சொல்லுவார். "சூப்பர் ஐயா, உங்களத்தான் எல்லாருக்கும் உதாரணமா சொல்றேன்." அந்தப் பெண்ணின் குரல் அத்தனை வெள்ளந்தி. ஒரு தடவை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே புளி கரைத்துக்கொண்டிருந்தவள், கையை அப்படியே பாத்திரத்துக்குள் விட்டபடி நின்றாள். உதாரணமாகச் சொல்கிறாளாம். இவர் எடையை எங்கேயோ எழுதிக்கொள்கிறார்கள், கூட்டுகிறார்கள், கழிக்கிறார்கள், அதை வைத்து நாளைக்கு முகம் தெரியாத எந்த ஊர் மனுஷனுக்கோ, அவன் பெண்டாட்டிக்கோ, இப்படிச் செய் என்று ஒரு டாக்டர் சொல்லுவார். என் கட்டைவிரல் அங்கே வரைக்கும் போகிறதே என்று நினைத்தாள். அன்றைக்கே போனைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம், சிஸ்டர், அதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று. வாய் வரைக்கும் வந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாக்கெட். அவர் சிரிப்பதை அவள் வேறு ஒரு காரணத்துக்காகவும் பார்ப்பாள். மேல் அறையில் ரத்தம் தேங்கினால் கட்டி ஆகும், கட்டி மண்டைக்கு ஏறினால் வாய் கோணும், கை விழும், அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, ஒருவேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் அவரைச் சிரிக்கவைத்துப் பார்ப்பது அவளுக்கு ஒரு வேலை. வாயில் வந்ததைச் சொல்லுவாள், பக்கத்து வீட்டுச் சண்டை, மகன் சின்ன வயதில் உளறியது, ஒன்றும் கிடைக்காவிட்டால் கோமளவல்லி. அவர் சிரிப்பார். இரண்டு உதட்டோரமும் ஒன்றாக ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு காபி போடப் போவாள். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒருநாள் தவறாமல் அவரைச் சிரிக்கவைத்ததில்லை. அவர்கூட ஒருநாள், "என்னடி, வயசான காலத்துல ஒரே தமாஷா இருக்க" என்றார்.

நாலாவது பாக்கெட் போட்டதும் சங்கிலி கொஞ்சம் முனகிற்று, அவ்வளவுதான். மண்டபத்தில் தரிசனம் முடிந்து வந்தவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். சட்டையில்லாத உடம்போடு அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் பார்க்க, அந்த வயிறு. சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், கண்ணை மூடியிருந்தார், கழுத்தில் அந்த நரம்பு. துள்ளுகிறதா? தூணோரத்திலிருந்து தெரியவில்லை. பக்கத்தில் போய் மணிக்கட்டைப் பிடிக்கலாம், பிடித்தால் அவள் கை கனமும் தட்டில் சேர்ந்துவிடும் என்று பைத்தியக்காரத்தனமாகத் தோன்றி அங்கேயே நின்றாள். ஐந்தில் சரியாகிவிடட்டும் பெருமாளே. ஐந்தில் நின்றுவிட்டால் மானம் போனாலும் உயிர் நிற்கும். ஐந்தில் நின்றால் தொண்ணூற்று மூன்று, நிஜமாகவே ஐந்து குறைந்திருக்கிறார், அதைச் சொல்லி நாளைக்கு டாக்டர் காலில் விழலாம், இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள், பாதிக் கிணறு வந்துவிட்டோம் என்று கேட்கலாம். ஈர வேட்டிக்கு ஒன்று சேர்த்து ஆறாகவே இருக்கட்டும். ஆறில் நிறுத்து. நான் செய்ததற்கு எனக்கு என்ன வேண்டுமானாலும் செய், என் கட்டைவிரலை எடுத்துக்கொள், அவர் பட்ட பட்டினியை மட்டும் இல்லையென்று ஆக்கிவிடாதே. ஐந்து. அசையவில்லை. கோமளவல்லி அடுத்த பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். ஆறு.

ஆறிலும் அசையவில்லை. செங்கமலத்துக்குக் காலுக்குக் கீழே கல் குளிர்ந்தது. தப்பாக எண்ணிவிட்டேனா, நான் திருப்பியது ஐந்துதானா, ஏழெட்டுத் தடவை திருப்பினோமா, ஒவ்வொரு தடவையும் ஒரு நகத்தளவு, இல்லை, எண்ணிக்கொண்டேதான் திருப்பினேன், கோட்டைத் தாண்டவில்லை, சாமி சத்தியமாகத் தாண்டவில்லை. ஏழு. அப்படியென்றால் மிஷின் தானாகவே ஓடிவிட்டதா, ஒருமுறை கை வைத்தால் அது தன் வழியில் போக ஆரம்பித்துவிடுமா. அவர் சொல்லுவாரே, கை வைத்த மீட்டர் அப்புறம் யார் சொல்வதையும் கேட்காது என்று. எட்டு. கரண்டிச் சோறு, எண்ணெய் காட்டாத சப்பாத்தி, வெயிலில் நடை, கல்யாண வீட்டில் இலையைப் பார்த்துக்கொண்டு மோர் குடித்துவிட்டு எழுந்து வந்தாரே, அதெல்லாம் எங்கே, அத்தனையும் அந்தப் போண்டாக்கடையிலா போயிற்று, இல்லை உடம்பே அப்படியா, பட்டினி போட்டாலும் விடமாட்டேன் என்கிற உடம்பா. ஒரு கிலோவாவது குறையவில்லையா. ஆறு மாதம். ஆறு மாதமாக அந்த நடுங்குகிற இருதயத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தது ஒன்றுக்குமே இல்லையா. அவள் சும்மா இருந்திருந்தால், முள் நகரவில்லை என்று அவர் நிஜமாகவே சொல்லியிருந்தால், ஜெசிந்தா வரச்சொல்லியிருப்பாள், வேறு மாத்திரை, வேறு சாப்பாடு, ஏதாவது ஒன்று, ஆறு மாதத்தில் எவ்வளவோ செய்திருக்கலாம். சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் ஆயுசிலிருந்து எடுத்து அவருக்கே சந்தோஷமாக ஊட்டியிருக்கிறேன். ஒன்பது. அழக்கூட முடியவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். எப்போது கண்ணைத் திறந்தாரோ, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதுதான் முதலில் உறைத்தது. எண்பத்தெட்டு என்று நம்பி ஏறிய மனுஷனுக்கு இந்நேரம் முகம் எப்படி இருக்க வேண்டும், கோமளவல்லி மாதிரி வாயைப் பிளந்துகொண்டல்லவா இருக்க வேண்டும். அவர் மூலையில் நிற்கவைத்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அவரும் துலாபாரம் வேண்டாம் என்றுதானே சொன்னார், அக்காவிடம் வெயில் என்றார், கூட்டம் என்றார், செங்கமலத்துக்கு முட்டி வலிக்கும் என்றார். என்னைச் சாக்குச் சொல்கிறாரே என்று அவளுக்கு அப்போது கோபம்கூட வந்தது. ஒருவேளை. வீட்டுக்காரம்மா மூஞ்சியைப் பார்ப்பேன் என்றவர். ஒவ்வொரு ஞாயிறும் நீ பாரு என்று அவளைக் குனியவைத்துவிட்டு, மேலே நின்றுகொண்டு அவர் என்ன பார்த்தார். முள்ளையா பார்த்தார். அவள் மூஞ்சியையல்லவா பார்த்திருக்கிறார். தொண்ணூற்றெட்டு என்று சொல்லும்போது அது எப்படிச் செத்துப்போகும், தொண்ணூற்றேழு என்று சொல்லும்போது எப்படி இருக்கும் என்று. பத்தாவது பாக்கெட்டைத் துரைக்கண்ணு வைத்தார். தட்டு தரையை விட்டது.

மெதுவாகத்தான் எழுந்தது. ஒரு ஆட்டம் ஆடி, நடுவில் வந்து நின்றது. யாரோ கோவிந்தா என்றார்கள். கோமளவல்லி கை கூப்பவில்லை. "இந்தத் தராசுல என்னமோ கோளாறு" என்றாள். "எண்ணெ போட்டு எத்தன வருஷம் ஆச்சோ. ஆபீஸ்ல யாரு இருக்கா, நான் கேக்குறேன்." துரைக்கண்ணுக்கு வருத்தமாகிவிட்டது. "காலையிலேர்ந்து நாலு பேர ஏத்தி எறக்கியிருக்கோம்மா." "பின்ன பத்து கிலோ எங்கேர்ந்து வரும்? அவன் என்ன கல்லத் தின்னுட்டா வந்திருக்கான்? ஊரே சொல்லுது எளச்சிட்டான்னு." சாரங்கபாணி அந்தரத்தில் சங்கிலியைப் பிடித்தபடி, "தராசு சரியாத்தான் இருக்குக்கா" என்றார். "என்னடா சொல்ற?" "நான் எளைக்கல. ஒரு கிலோகூடக் கொறையல. வீட்டு மிஷின்ல நான்தான் கை வச்சேன்." இவ்வளவு பேர் நடுவில், சட்டைகூட இல்லாமல், பத்து கிலோவையும் தன் தலையில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார். செங்கமலம் தூணை விட்டு வந்தாள். சட்டையும் பையும் கண்ணாடியும் எங்கே வைத்தாள் என்று தெரியாது, தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை கனத்தில் அது ஒரு பக்கம் தாழ்ந்தது. "அதுல அஞ்சு என்னோடது" என்றாள். அவ்வளவுதான் வந்தது. அவர் அவளைப் பார்த்தார். "தெரியும்" என்றார். "எப்பத்திலேர்ந்து?" "மொத தடவையிலேர்ந்தே. தொண்ணூத்தேழுன்னு சொன்னப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா. பயந்து போயி, ஆனா அவ்ளோ தெளிவா. நீ ஒரு வாரம் திருப்பாம விட்டுட்டா மறுபடியும் பழைய மூஞ்சி வந்துருமேன்னு அந்த வாரம் நான் திருப்பிட்டேன்." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார்.

"அப்ப நேர்த்திக்கடன்?" என்றாள் கோமளவல்லி, யாரைக் கேட்கிறோம் என்று இல்லாமல். "அது குறையில்லாம செலுத்தியாச்சும்மா" என்றார் துரைக்கண்ணு, "எடைக்கு எடை சரியா இருக்கு." அவர் வெல்லத்தை இறக்க ஆரம்பித்தார், தட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு வந்தது. செங்கமலம் அதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். இரண்டு சேர்ந்தாற்போல், பிறகு ஒன்றும் இல்லை, ஒன்றுமே இல்லை, பிறகு மடமடவென்று. நாளைக்கு என்ன சொல்வார்கள். தள்ளிப்போடுவார்கள், ஆராய்ச்சியை விட்டு எடுத்துவிடுவார்கள், திட்டுவார்கள், திட்டட்டும், வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. தரை தட்டியதும் அவர் எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "அந்த ஜெசிந்தா பொண்ணுகிட்ட நீ சொல்றியா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "ஒங்க அஞ்ச நீங்க சொல்லுங்க" என்றாள் அவள், "என் அஞ்ச நான் சொல்றேன்." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழக்கத்தில் அவள் அவருடைய வாயைப் பார்த்தாள். உதட்டோரம் இரண்டும் ஒன்றாகத்தான் ஏறின. அவள் விரலுக்கடியில் மட்டும் அது சொன்ன பேச்சைக் கேட்காமல் வெடித்துக்கொண்டிருந்தது, அவள் விரலை எடுக்காமல் அவரை எழுப்பினாள்.